சாமான் ரூம் ஆபீஸ்

போனில் அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது வசந்தாமணிக்குத் தெரிய வந்தபோது, அவள் பையனின் நட்சத்திரம், ராசி, குலப்பிரிவான கூட்டம், குலதெய்வக் கோயில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். தென்னந்தோப்பு, கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு போர்வெல், வீட்டுக்கு ஒரே பையன், அக்கா தங்கச்சி தொந்தரவு இல்லைங்க. தொந்தரவு என்று சொல்லக் கூடாது, பொறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கிற ஷாலினி மேடம் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து, பொறுப்பு இல்லைங்க என்று திருத்தினாள். உங்களுக்குத் திருப்திங்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பெண்ணைப் பெற்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள், அதை அவசரப்படுத்தக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டது. காத்திருக்கையில் காதோரம் வேர்வை இறங்கி ஹெட்செட்டின் பஞ்சுக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளக் குனிந்தபோதுதான் மடியில் கிடந்த போன் கண்ணில் பட்டது. பேசிக்கொண்டிருக்கும் போனில் ஓடுகிற நேரம் அதில் ஓடவில்லை. அடுத்த நம்பர் வந்து நின்றுகொண்டிருந்தது. எப்போது கட் ஆனது? நட்சத்திரம் சொன்னபோது அந்தம்மா, ம், பூரட்டாதியா என்று கேட்டார். அது நிச்சயம். கூட்டம் சொன்னபோதும் ம் என்றது கேட்டது. கோயிலைச் சொன்னபோதும் கேட்டது. அந்த ம் யார் சொன்னது? வசந்தாமணி தலையைத் திருப்பிப் பருப்பு டப்பாவின் மேல் வைத்திருந்த பழைய போனைப் பார்த்தாள். அதில் ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் யாரோ ம், ம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸ் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். காந்திபுரத்தில் பலகாரக் கடைக்கு மேலே மாடியில் இருந்த திருமணத் தகவல் மையத்தை வாடகை கட்டுபடியாகவில்லை என்று மூடினார்கள். வேலை போய்விட்டது என்று எல்லாரும் டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்த பிறகு மேனேஜர் வந்து, வேலை போகவில்லை, ஆபீஸ்தான் போகிறது, எல்லாரும் வீட்டிலிருந்தே பேசலாம் என்றார். ஆனால் பெண்ணைப் பெற்றவர்களும் பையனைப் பெற்றவர்களும் வீட்டில் உட்கார்ந்து பேசுகிற பொம்பளையை நம்பி ஜாதகம் தர மாட்டார்கள், பின்னால் ஆபீஸ் சத்தம் கேட்க வேண்டும். அதனால் கடைசி நாள் மேசை நடுவில் ஒரு போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு வைத்துவிட்டு, எப்போதும்போலப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும்போலப் பேசச் சொன்னால் யாருக்குப் பேச்சு வரும்? முதலில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நாற்காலி இழுபட்டது. யாரோ இருமினார்கள், யாரோ யாருக்கோ ம், ம் என்றார்கள். யாரோ ஏதோ சொன்னார்கள், ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வசந்தாமணியின் சிரிப்பும் இருக்கிறது. இன்றைக்கும் நாற்காலி, இருமல், சிரிப்பு என்று அதே வரிசையில் வரும், முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வரும். சிரிப்பு வரப்போகிறது என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும், தெரிந்ததும் முதுகில் ஒரு கூச்சம் ஓடும். அன்றைக்கு என்னதான் சொன்னார்கள், எதற்காக அப்படிச் சிரித்தோம் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டாள். ஒரு தடவை, தன்னோடு வேலை பார்த்த மல்லிகேஸ்வரிக்கு இதற்காகவே போன் செய்தாள். மல்லிகேஸ்வரி, அக்கா நான் அதப் போடறதே இல்லீங்க, பின்னாடி எம் பேரன் கத்துவான், கேட்டாக்கா எங்க மேடம் பையன்னு சொல்லிருவேன் என்றாள். வசந்தாமணிக்கு அப்படியெல்லாம் செய்ய வராது. போடச் சொன்னால் போடுவாள். காலையில் வேலைக்கு உட்காரும்போது ஊதுபத்தி கொளுத்துவதுபோல அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டுத்தான் ஹெட்செட்டை மாட்டுவாள்.

ஹாலில் உட்கார்ந்து பேசினால் என்ன என்று மேனேஜர் அன்றைக்கே கேட்டார். வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, இரண்டுக்கும் நடுவில் இந்தச் சாமான் ரூம். ஹாலில் ஜன்னல் ஓரம் வீட்டுக்காரர் தூங்குகிறார். வேலுச்சாமிக்கு மில்லில் எப்போதும் நைட் ஷிப்ட்டு. விடிந்து வந்து, இட்லியைத் தின்றுவிட்டு, ஜன்னலில் பவானி ஜமுக்காளத்தை ஆணியில் மாட்டி இருட்டாக்கிக்கொண்டு கட்டிலில் விழுவார். சாயங்காலம் வரைக்கும் அந்த ஹால் ராத்திரி. சின்னச் சத்தம் கேட்டாலும் முழித்துக்கொள்வார், முழித்தால் திரும்பத் தூக்கம் வராது. ஒரு நாள் பக்கத்துத் தெருவில் கோயில் நோம்பிக்கு மைக் கட்டிவிட்டார்கள். பகலெல்லாம் தூங்காமல் போனவர், பஞ்சைச் சீவுகிற கார்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் சொக்கி, இடது கையில் ஒரு விரலின் நுனியை விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, இனி இந்த வீட்டில் பகலில் ஒரு ஊசி விழுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. அவராக ஒன்றும் கேட்கிற ஆளில்லை. இவளாகத்தான் காலிங்பெல்லின் ஒயரைப் பிடுங்கினாள், நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸை மாட்டினாள், குழம்பு தாளிப்பதைக் கூட விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாள். கீரைக்காரம்மாவிடம் கூவாமல் போகச் சொன்னதில் அந்தம்மாவுக்குக் கோபம், இப்போது தெருப் பக்கமே வருவதில்லை. அப்படியிருக்கிற வீட்டில் ஹாலில் உட்கார்ந்து வணக்கமுங்க என்று எப்படிப் பேசுவது? அரிசி டிரம்மை ஒரு பக்கம் ஒதுக்கி, மிளகாய் வத்தல் மூட்டையைத் தும்மல் வருகிறது என்று சமையல்கட்டுக்கு மாற்றி, தலை கழற்றிப் போட்ட தையல் மிஷினின் பலகையை மேசையாக்கிக்கொண்டாள். குரல் எதிரொலிக்கிறது என்று மேடம் சொன்னதால் கயிறு கட்டிப் பழைய புடவைகளைத் தொங்கவிட்டாள். மேலே ஒரு காற்றுப் பொந்து இருந்தது, அது பக்கத்து வீட்டுக் கக்கூஸைப் பார்த்துத் திறந்ததால் காலண்டர் அட்டையை வைத்து அடைத்தாயிற்று. கதவைச் சாத்தினால் காலை எது, மதியம் எது என்று தெரியாது. டியூப்லைட்டின் ஒரு முனை கறுத்திருக்கும். பேசும்போது கால் தானாக மிஷின் மிதியை மிதிக்கும், அடியில் சக்கரம் சுற்றும், நூலும் இல்லை ஊசியும் இல்லை, சும்மா சுற்றும்.

இந்த ரூமுக்குள் அவள் பெயர் அகிலா. பழைய காலத்துப் பெயராக இருந்தால் பார்ட்டிக்கு நம்பிக்கை வராது என்று மேடம் வைத்த பெயர். அகிலா என்று சொல்லிச் சொல்லி, வாய் அதற்கே பழகிவிட்டது. போன மாதம் ஓசூரிலிருந்து மகள் சிந்துஜா கூப்பிட்டபோது போனை எடுத்ததும், வணக்கமுங்க, திருமணத் தகவல் மையத்துல இருந்து அகிலா பேசறனுங்க, உங்க நேரத்துக்கு நன்றிங்க என்று சொல்லிவிட்டாள். நன்றி கடைசியில் வர வேண்டியது, அதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். சிந்துஜா விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளையிடம் சொல்லி அவரும் சிரித்தார். அப்புறம் சிந்துஜா சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏம்மா, உனக்கு ஒண்ணுமில்லயே என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று சொன்னது யார் குரல் என்று போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்தாள். போன் அடிக்காதபோதும் காதுக்குள் ஒரு மணி அடிக்கிறது, அதைச் சொல்லவில்லை. காது டாக்டர் பார்த்துவிட்டுக் காது நன்றாக இருக்கிறது என்றார். எங்கம்மா வேலை செய்றீங்க, எப்படி உக்காருவீங்க, வெளிச்சம் வருமா, வேலை நேரத்துல கூடப் பேச ஆள் இருக்காங்களா என்று வரிசையாகக் கேட்டார். பேசறதுதானுங்க எனக்கு வேலையே என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. காதுக்கு மருந்து வேண்டாம், உக்காரற இடத்த மாத்துங்க, அப்பறமும் இருந்தா வேற டாக்டர்கிட்ட அனுப்பறேன் என்றார். வேற டாக்டர் என்றால் யார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வேலுச்சாமியிடம், காதுல அழுக்குங்க, எடுத்துட்டாங்க என்று சொன்னாள். உக்காரற இடத்தை மாற்றுவது என்றால் ஜன்னல். இந்த வீட்டில் வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். அதைக் கேட்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பாள். அவர் முகம் கழுவிவிட்டு வரும்போது கேட்கலாம் என்று இருப்பாள். கண்ணெல்லாம் சிவந்து, தலைமயிரில் பஞ்சுத் தூசு ஒட்டிக்கொண்டு அவர் வந்து உட்காருவதைப் பார்த்தால் கேட்க வந்தது சட்னிக்குள் போய்விடும்.

மடியில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஹெட்செட்டில் பேசுவதெல்லாம், லைன் கட் ஆனாலும் பதிவாகும், மேடம் ஒன்றிரண்டைத் திறந்து கேட்பாள் என்று தெரியும். ஆனால் இதையா கேட்க வேண்டும்? அக்கா, இப்பதான் உங்க ரெக்கார்டிங் கேட்டேன், பார்ட்டி எப்பவோ கட் பண்ணிட்டாங்க, நீங்க பாட்டுக்கு யார்கிட்டக்கா பேசிட்டு இருந்தீங்க என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றும் போட்டிருந்தாள். சின்னப் பெண், சிந்துஜாவைவிட இரண்டு வயது இளையவளாக இருப்பாள், மனதில் ஒன்றும் வைத்து எழுதியிருக்க மாட்டாள். நெட்வொர்க் மேடம் என்று எழுதி அழித்தாள். கவனிக்கல மேடம் என்று எழுதி அதையும் அழித்தாள். யார்கிட்டப் பேசிட்டு இருந்தீங்க. இதே கேள்வியை இதே மாதிரி யாரோ சிரித்துக்கொண்டு கேட்டு இவள் கேட்டிருக்கிறாள். யார் கேட்டது? சக்கரம் நின்றது. சின்ன வயதில் மாமா கேட்டார், அம்மாவின் அண்ணன். ராசாமணி அத்தையிடம் கேட்டார். யாருகிட்ட ராசா பேசறே? சுவத்துகிட்டயா? அத்தை பதில் சொல்லாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரிடம், அவிய கெடக்கறாங்க, நீங்க உக்காருங்க என்றாள்.

அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். நினைக்கக் கூடாது என்று எடுத்து வைத்தது எல்லாம் இந்த ரூமுக்குள்தான் சேர்கிறது, உடைந்த குத்துவிளக்கும் பழைய பம்ப் ஸ்டவ்வும் சேர்ந்த மாதிரி. ராசாமணி அத்தை அப்பாவின் தங்கச்சி. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பருத்தி மூட்டை அடுக்குகிற உள்ரூமில் அவளை வைத்திருந்தார்கள். அடித்தது கிடையாது, திட்டியதும் கிடையாது, நேரத்துக்குச் சோறு போயிற்று. சுவரிடம் மிகவும் மரியாதையாகப் பேசுவாள். வாங்க, எப்ப வந்தீங்க, ஊருல மழையுங்களா, காப்பித் தண்ணி வைக்கட்டுங்களா. வீட்டில் எல்லாரும் காட்டு வேலைக்குப் போய்விட்டால் அத்தைக்குக் காவல் வேண்டும். எட்டாவது படித்துக்கொண்டிருந்த வசந்தாமணிதான் காவல். அதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வருத்தமாக இருந்ததா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவாள், உள்ளே அத்தை யாரையோ உபசரித்துக்கொண்டிருப்பாள், இரண்டும் ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் நடக்கும். பைத்தியம் பிடித்ததால் உள்ரூமில் வைத்திருக்கிறோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் இத்தனை வருஷம் நினைத்தாள். ஆனால் அத்தை திரும்பி வந்த அன்றைக்கு மாட்டுவண்டியிலிருந்து இறங்கி, வாசலில் நின்ற இவள் கன்னத்தைக் கிள்ளி, வளந்துட்டியே அம்மணி என்று சரியாகத்தான் சொன்னாள். அன்றைக்குச் சரியாக இருந்தாள். வாழாமல் வந்தவள் வாசலில் உட்கார்ந்தால் ஊர் பேசும் என்று உள்ளே உட்காரச் சொன்னார்கள். உள்ளே உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். சொன்னதைச் செய்கிறவள்தான் அவளும். அப்படியென்றால் பேசியதால் உள்ளே வைத்தார்களா, உள்ளே வைத்ததால் பேசினாளா? எது முதலில்? கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்து ஆள் ஒருவரும் இல்லை. வசந்தாமணியைப் பெண் பார்க்க வந்தபோது அத்தையைப் பொன்னாபுரத்து உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இவளே ஒரு நாள் அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். இந்த வேலையிலும் அந்தக் கேள்வி உண்டு. வீட்டுல யாருக்காச்சும் மனசு சம்பந்தமா ஏதாச்சும் இருந்துச்சுங்களா என்று நாசூக்காகக் கேட்க வேண்டும். அவள் அதை மட்டும் மூச்சு விடாமல், மற்றக் கேள்விகளுக்கு நடுவில் கரைத்துக் கேட்டுவிடுவாள். யாரும் இருந்தது என்று சொன்னதில்லை. இல்லீங்க, இல்லீங்க, எங்க வகையறாவுல யாருக்கும் இல்லீங்க. அவளும் இல்லை என்று குறித்துக்கொள்வாள்.

அத்தைக்காவது ஆள் இல்லை என்று தெரியாமல் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்ததே, கடைசியிலாவது தெரிந்ததே என்று ஒரு சமாதானம் வந்தது. உடனே இன்னொன்று வந்தது. இன்றைக்குப் போன் கண்ணில் பட்டதால் தெரிந்தது. படாமல் போன நாட்கள்? நேற்று சத்தியமங்கலத்துக்காரரிடம் அவ்வளவு நேரம் பேசினாளே, அவர் கடைசிவரை இருந்தாரா? பார்க்கலாம்ங்க என்று சொன்னது அவர்தானா, இல்லை பருப்பு டப்பா மேல் இருந்து வந்ததா? பழைய போனில் நாற்காலி இழுபட்டது. இதோ இருமல் வரும். வந்தது. இதோ சிரிப்பு. அவள் கை போய் அதை நிறுத்தியது. நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை, பாத்திரம் விழப்போகும்போது கை போகுமே, அப்படிப் போனது. அப்புறம் வந்த அமைதி அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. புடவைகள் அசையாமல் தொங்கின. டியூப்லைட் ஈ மாதிரி முனகியது. அரிசி டிரம்முக்குள் வண்டு நகருகிற சத்தம்கூடக் கேட்கும்போல இருந்தது. இவ்வளவு அமைதியை இந்த வீட்டில் நான்தான் செய்து வைத்தேன் என்று நினைத்தாள். ஒயரைப் பிடுங்கினது நான், கீரைக்காரம்மாவை விரட்டினது நான், பொந்தை அடைத்தது நான். யாரும் என்னை உள்ளே போ என்று சொல்லவில்லை, நானே வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போது யாரோ, ஆமாங்க, என்றார்கள். தெளிவாக, பணிவாக, பார்ட்டியிடம் பேசுகிற குரலில். அது தன் வாய்தான் என்று தெரிய ஒரு நொடி ஆயிற்று. எதிரே சுவர்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். முழங்கால் பலகையில் இடித்தது. போன், ஹெட்செட், ஜாதகக் கட்டு மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தாள். அங்கே இருட்டாக, மின்விசிறிக் காற்றில் எண்ணெய் வாசமும் தூக்க வாசமுமாக இருந்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தில் வெயில் ஒரு கோடாக நின்றது. வெளியே இன்னும் வெயில் இருக்கிறது என்பதே அவளுக்குச் செய்தியாக இருந்தது. வேலுச்சாமி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார், மடக்கிய கால்களுக்கு நடுவில் துண்டு. இப்படியே திரும்பிப் போய்விடலாம், போய் உட்கார்ந்து அடுத்த நம்பரை அழுத்தலாம், அவருக்குத் தெரியவே தெரியாது, நாளைக்குக் காலையில் இட்லி வைக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். காலையில் சொல்ல மாட்டாய் என்றது அகிலா. வசந்தாமணி கட்டிலின் காலருகே தரையில் உட்கார்ந்தாள். வளையல் சத்தம் போட்டிருக்க வேண்டும். அவர் கண்ணைத் திறந்தார்.

“என்ன புள்ள?”

“நான் இனி இங்க உக்காந்து பேசறனுங்க.”

அவருக்குப் புரியவில்லை. மணி என்ன என்று கேட்டார், யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றாள். சொல்வதற்கு எத்தனையோ நாளாக அடுக்கி வைத்திருந்தாள், டாக்டர் சொன்னதிலிருந்து ஆரம்பித்து, கோபம் வராத மாதிரி, அவர் தூக்கத்தைப் பற்றியும் அக்கறையாக இரண்டு வார்த்தை சேர்த்து. ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

“அங்க உக்காந்தா எங்க ராசாமணி அத்தையாட்ட ஆயிருவேன்னு பயமா இருக்குதுங்க.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மத்தியானம் ஆள் இல்லாத போனில் வெகுநேரம் பேசியதை அவள் சொன்னாள். காதில் மணி அடிப்பதைச் சொன்னாள், அழுக்கு எடுத்ததாகச் சொன்னது பொய் என்றாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டுக் கோபமில்லாமல், கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

“நான் தூங்காமப் போனா மிஷின்ல என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா கேக்கற?”

“தெரிஞ்சும்தானுங்க.”

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் அப்படி ஒரு பதிலை அவள் சொன்னதில்லை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கட்டிலை விட்டு இறங்கினார். வெளியே போகப் போகிறார், டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார், ராத்திரி அதே கண்ணோடு மில்லுக்குப் போவார் என்று அவள் நினைத்தாள். அவர் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தார். இரும்புக் கால் தரையில் கீச்சென்று கத்தியது. பட்டப்பகலில் அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. எதிர்ச்சுவர் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, துண்டை முகத்தின் மேல் மூடிப் படுத்தார். முழிச்சுக்குவேன், கொஞ்ச நாளைக்கு முழிச்சு முழிச்சுத்தான் படுப்பேன் என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். அப்புறம், மெதுவாப் பேசு என்றார். அவள் சரி என்றாள். ஜமுக்காளத்தின் ஒரு மூலையை மட்டும் ஆணியிலிருந்து எடுத்து மடித்துவிட்டாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ உளுந்தம் வடகம் காயப் போட்டிருந்தார்கள், ஒரு பெண் பிள்ளை காக்காயை ஓட்ட வந்து, தானே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கூசித் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள், திரும்ப வந்தது. அவர் புரண்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. நாளைக்கு என்ன ஆகுமோ, அடுத்த வாரம் என்ன ஆகுமோ, விரலோ கையோ, யாருடைய எது போகுமோ என்று நினைப்பு அதன் வழக்கமான பாதையில் சுற்றத் தொடங்கியது. ஆனால் சுற்றுகிற இடம் பெரிதாக இருந்ததால் சீக்கிரம் களைத்து உட்கார்ந்தது. மேடத்தின் செய்திக்கு, வீட்ல இடம் மாத்திக்கிட்டேன் மேடம் என்று எழுதி அனுப்பினாள். அது அந்தக் கேள்விக்குப் பதிலா என்று தெரியவில்லை.

அடுத்த நம்பர் உடுமலைப்பேட்டைப் பக்கம். பையனைப் பெற்ற அம்மா. எடுத்ததுமே, பொண்ணு ஏதாச்சும் வந்திருக்குதா சாமி என்றுதான் கேட்டார். அவருடைய பையனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, தோட்டத்து வேலை என்றால் பெண் வீட்டார் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. சோமனூர்ப் பக்கத்தில் ஒரு பெண் வந்திருப்பதாக வசந்தாமணி சொல்ல ஆரம்பித்தாள். நட்சத்திரம் வரைக்கும்தான் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், எதிர்ச்சுவர் ஓரத்திலிருந்து, மர மில்லில் ரம்பம் ஓடுகிற மாதிரி ஒரு குறட்டை கிளம்பியது. கையால் போனை மூடப் பார்த்தாள். அதற்குள் இன்னொன்று.

“அதென்ன சத்தம் சாமி? ஆபீசுலதான இருக்கற?”

மிஷின் என்று சொல்லலாம், லாரி என்று சொல்லலாம். பதிவாகிக்கொண்டிருக்கிறது, மேடம் கேட்பாள், சிரிப்பாள், சிரிக்காமலும் இருக்கலாம்.

“வீட்டுலதானுங்க. எங்க வீட்டுக்காரருங்க. நைட் ஷிப்ட்டு. இப்பத்தான் தூங்கறாரு.”

அந்தப் பக்கம் பேச்சில்லை. அவள் போனைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“ஹலோ. இருக்கறீங்களாங்க?”

“இருக்கறேன் சாமி” என்றார் அந்தம்மா, குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. “அவரு தூங்கட்டும். நீ மெதுவாவே சொல்லு.”